கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வார்த்தை இடம் மாறினால் பழி அந்தப் பெண் மேல் போய்விடும். இல்லையென்றால் என் பிள்ளை மேல். இரண்டு பேரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் ஓர் அறிவியல் காட்சிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முகாம் நடந்தது. காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிக்கொண்டு போகலாம். பள்ளிக்கூடத்துப் புனிதா டீச்சர் சொல்லி என் மகள் தாமரைக்கு ஓர் இடம் கிடைத்தது.

மற்ற பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் கிள்ளானிலிருந்து ரயிலில் வருகிறவர்கள். நான் வீட்டுக்குப் போய் மறுபடி வருவதெல்லாம் ஆகாத காரியம். அங்கேயே காத்திருப்பேன்.

முதல் நாள் வாசலிலேயே தாமரை சொன்னாள்.

“நீ உள்ள வராதம்மா. எல்லாரும் தனியாதான் போறாங்க.”

உள்ளே எல்லாம் இங்கிலீஷ். காரில் வருகிற அம்மாக்கள் எல்லாம் சின்ன வயசு. தாமரை எனக்கு வயசான பிறகு பிறந்தவள். எனக்குத் தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. அவள் சொல்லாததையும் சேர்த்து நானே புரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அவளை முன்னால் நடக்கவிட்டு, யாரோ மாதிரி பின்னால் வருவேன். வெளி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் இந்தப் பக்கம் திரும்பினால் குனிந்துகொள்வேன். மத்தியானம் படிக்கட்டு ஓரமாக நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவேன். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேச ஆள் இருக்காது. திரும்பும்போது ரயிலில் அவள் தூங்கிவிடுவாள்.

அதனால், ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“யாரப் பாக்குறீங்க ஆன்டி?”

“சும்மாதாம்மா. பிள்ளைங்க ராக்கெட் செய்யுதுங்க. அந்தச் செவப்பு ரிப்பன் பிள்ளை நல்லா செய்யுதுல்ல?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அது என் பிள்ளை” என்றாள்.

அந்த ரிப்பனைக் காலையில் கட்டிவிட்டவள் நான்.

“செவப்பு ரிப்பனா?”

“ஆமா. என் மகதான். என் வீட்டுக்காரரு போலீஸ்ல இருக்காரு லா. இப்ப வந்துடுவாரு.”

பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி வாட்சாப்பில் வந்ததெல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. பார்க்க நல்ல மாதிரி இருப்பார்களாம். பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுப்பார்களாம். எழுந்து, வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா ஸ்டானிஸ்லாஸிடம் ஓடினேன்.

“அண்ணே! அங்க ஒரு பொம்பள என் பிள்ளைய அவ பிள்ளைன்னு சொல்றா! வந்து பிடிங்கண்ணே!”

அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“நீங்களே வந்துட்டீங்களா? உங்களத்தான் தேடி வர இருந்தேன்.”

“என்னையா?”

“அந்தப் பொண்ணு ரமணி நேத்தே கம்ப்ளெயின் பண்ணிட்டாங்க. நரைச்ச தலை பொம்பள ஒண்ணு தெனமும் வந்து ஒரே பிள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கு, பிள்ளை திரும்பினா மூஞ்சிய மறைச்சுக்குதுன்னு. ‘என் பிள்ளைன்னு சொல்லி வைக்கிறேண்ணே, பயந்து ஓடிடும்’னாங்க. அவங்க பையன் சின்ன குரூப்ல இருக்கான்.”

“வீட்டுக்காரரு போலீஸ்னு சொன்னாளே?”

“கேக் விக்கிறாரு லா.”

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யாரென்றே தெரியாத ஒருத்தி என் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். என்னிடமிருந்து.

“சத்தியமா நான்தாண்ணே அவ அம்மா. போன்ல போட்டோ கூட இருக்கு.”

“போட்டோவ யாரு வேணும்னாலும் எடுக்கலாம். நீங்க ரெண்டு பேரும் சேந்து வந்து நான் பாத்ததே இல்லையே.”

அவளை முன்னால் விட்டு யாரோ மாதிரி வந்தது நானேதான்.

“இருங்க. பிள்ளையையே கேட்டுடுவோம்.”

“வேணாம்ணே, அவளக் கூப்பிடாதீங்க!”

நான் அப்படிச் சொன்னதே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியிருக்கும். விறுவிறுவென்று போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தார். தாமரை கையெல்லாம் பசையோடு வந்தாள். வேடிக்கை பார்க்க அவள் கூட்டாளிகளும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ரமணி ஓடிவந்து தாமரைக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

“பயப்படாத பாப்பா” என்றார் ஸ்டானிஸ்லாஸ். “இந்த ஆன்டி யாரு?”

தாமரை என்னைப் பார்த்தாள். பிறகு கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கொஞ்ச நேரம்தான். தெரியாது என்று சொல்லிவிட்டால்? போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க மாட்டேன். அது என் காதில் விழுவதற்குள் எப்படியாவது தப்பித்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“எங்கம்மா” என்று அவள் சொன்னதும், “நான் பேபி சிட்டர்தாண்ணே” என்று நான் சொன்னதும் ஒன்றாகத்தான் கேட்டது.