முன்வாசல்

அலபாமா, 1966, மே மாதக் காலை. புது வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகு கறுப்பர்களான எங்களுக்கு இதுதான் முதல் தேர்தல். வெள்ளைக்காரரின் மளிகைக்கடை இன்று வாக்குச்சாவடி. அதன் முன்வாசலிலிருந்து பருத்திக்காடு வரை, தேவாலயத்துக்குப் போகும் உடுப்பில் வரிசையாக நிற்கிறோம். கஞ்சி போட்ட காலர்களில் வெயில் பளபளக்கிறது. எதிரே, லாரியில் சாய்ந்துகொண்டு பண்ணை மேற்பார்வையாளன் ஒவ்வொரு முகமாகப் படம் பிடிக்கிறான். படத்தில் விழுந்தவருக்கு அடுத்த விதைப்புக்கு நிலம் கிடையாது. குத்தகைக்கு உழும் ருஃபஸ் இப்போதுதான் வருகிறார். பழக்கம் விடவில்லை, கால்கள் கடையைச் சுற்றிப் பின்கதவுக்குத் திரும்புகின்றன. எங்களுக்கு மாவும் சர்க்கரையும் அங்கேதான் தருவார்கள். "டேய் ருஃபஸ், எங்கடா போற? மாவு வாங்கவா வந்த?" வரிசையிலிருந்து அவருடைய அக்கா ஓஸெல்லா கத்துகிறார். சிரிப்பு வரிசை நெடுக ஓடுகிறது. "பாழாப்போன காலு, பழகிப்போச்சுக்கா!" அவரும் சிரித்தபடி திரும்புகிறார். படத்துக்கு ஒதுங்கிச் சுற்றி வரவில்லை. முற்றத்தின் குறுக்கே நடந்து கேமராவுக்கு நேராக நிற்கிறார். வெள்ளைக்காரர் முன்னால் எப்போதும் கைக்கு வந்துவிடும் தொப்பி இன்று தலையிலேயே இருக்கிறது. அதை நேராக்கிக்கொள்கிறார். "நல்லா எடுங்க தொரை. வீட்ல என் போட்டோ ஒண்ணுகூட இல்ல."