காய்ந்த புல்

வாரத்தில் கிடைப்பது ஒரு நாள் லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் எதிர் வீட்டு பெர்னிஸ் ஹாகின்ஸ் வந்து மணியடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

யோலாண்டா கதவைத் திறந்தாள். பெர்னிஸின் கை நேராகப் புல்தரையைக் காட்டியது.

"இது என்ன, வைக்கோலா?"

"லாஸ் வேகாஸ் வெயில்ல வேற எப்படி இருக்கும், மிஸஸ் ஹாகின்ஸ்?"

"தண்ணி ஊத்தக் கட்டுப்படியாகலைன்னா புல்லுக்கு அடிக்கிற பச்சை பெயிண்ட் கடையில விக்குது, வாங்கி அடி. ஜன்னலுக்குத் திரை போடு. செவ்வாய்க்கிழமை குப்பைத்தொட்டிய வெளிய வைக்க மறக்காத. மறந்தா அபராதம்."

தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கு அந்த அம்மாள்தான் தலைவி. காலமெல்லாம் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். தெருக்காரர்களையும் சீட்டில் உட்காராமல் ஆட்டம் போடும் பிள்ளைகளாகத்தான் நடத்துவாள்.

யோலாண்டாவின் கவலை புல்லைப் பற்றியதா? பேங்குகள் கடன் கொடுப்பதை நிறுத்தியதும் ஊரில் வீடு கட்டுகிற வேலை அப்படியே நின்றுபோனது. கொத்தனார் வேலை செய்த கணவன் ரமீரோ, வண்டியை எடுத்துக்கொண்டு டெக்சாஸுக்கு வேலை தேடிப் போய்விட்டான். அவள் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்ய ரெண்டு ஷிஃப்ட் போகிறாள். விடிவதற்குள் பஸ் பிடித்தால் வீடு திரும்ப இருட்டிவிடும்.

வீட்டுத் தவணை கட்டி மாதக்கணக்காகிறது. தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிப் போட்டிருந்தாள். அரசாங்கம் பணத்தைக் கொட்டித் தூக்கி நிறுத்திய பேங்க், இவள் மனுவை மட்டும் ஆற அமரப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. பதில் வரும் வரை எப்படியாவது வீட்டை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வெட்கத்தில் தெருவில் யாரிடமும் இதை அவள் மூச்சுவிடவில்லை.

"நம்ம பாடே திண்டாட்டமா இருக்கு, இந்தக் கிழவிக்குப் புல்லு பெரிசாப் போச்சு" என்று போனில் ரமீரோவிடம் பொருமினாள்.

எதிர் வீடு அசிங்கமாக இருந்தால் தன் வீட்டு விலை இறங்கிவிடுமே என்ற பயம் அவளுக்கு, விட்டுத் தள்ளு என்றான் அவன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால், யோலாண்டா வீட்டு வாசலில் பெர்னிஸின் கார் நிற்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வீட்டில் ரெண்டு கார் நிறுத்த இடமிருக்கிறது, இங்கே வந்து நிறுத்தியிருக்கிறாள். வீடு கைவிட்டுப் போவதற்கு முன்பே இடம் பிடிக்க வந்துவிட்டாள் பார் என்று யோலாண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போடத் தெம்பில்லாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குப்பைத்தொட்டி ஞாபகம் வந்தது. போகட்டும், அந்த அம்மாள் ஆசை தீர அபராதம் போட்டுக்கொள்ளட்டும்.

இருட்டுகிற நேரத்தில் தெருமுனை திரும்பியதும், நடைபாதையில் கிடந்த சோபாவில் டெரல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மூன்று வீடு தள்ளி இருப்பவன். சோபா அவனுடையதுதான். மெத்தை, பாத்திரம், குழந்தையின் சைக்கிள் எல்லாம் புல் மேல் குவிந்து கிடந்தன. கதவில் புதுப் பூட்டு.

"என்ன ஆச்சு டெரல்?"

"ரீனோவுல அம்மாவுக்கு ஆபரேஷன்னு போயிருந்தோம். பேங்க் அனுப்பின ஆளுங்க வந்திருக்காங்க. தவணை கட்டாத வீடு காலியாக் கிடந்தா பூட்டிடலாமாம், ஆள் இருந்தா தொடக் கூடாதாம். ஆள் இருக்கான்னு எப்படிப் பாப்பாங்க தெரியுமா? புல்லு காஞ்சிருக்கா, கார் நிக்குதா, குப்பை நாள்ல தொட்டி வெளிய வந்திருக்கா. அவ்வளவுதான். கதவைக்கூடத் தட்டலை."

"சொல்லக் கூடாதா, நாங்க இங்கதான் இருக்கோம்னு?"

"நான் வந்து சேரும்போது முடிஞ்சுபோச்சு. தப்பு நடந்திருந்தா எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டு, உங்க வீட்டு முன்னாடி போய் நின்னாங்க."

யோலாண்டா வீட்டைப் பார்த்து ஓடினாள். அவள் வீட்டிலும் புல் காய்ந்துதான் கிடக்கிறது. தொட்டியையும் வைக்கவில்லை. எப்படித்தான் ஓடினாளோ, வாசலுக்கு வந்து சாவியைப் போட்டாள்.

கதவு திறந்தது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் கவனித்தாள். பெர்னிஸின் கார் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. தெரு ஓரத்தில், சரியாக அவள் வீட்டு முன்னால், ஒரு குப்பைத்தொட்டி. வெள்ளை பெயிண்டில் அதில் எழுதியிருந்தது எதிர் வீட்டு எண்.

தொட்டியை உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். பெர்னிஸ் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மிஸஸ் ஹாகின்ஸ், இது உங்க தொட்டி."

"அப்படியா? வயசாயிடுச்சில்ல, வாசல் மாறிப்போச்சு போல. அடுத்த வாரமும் மாறினாலும் மாறும்."

யோலாண்டா தொட்டியை நிறுத்தினாள். "பேங்க் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லலியே."

பெர்னிஸ் முகத்தைச் சுளித்தாள்.

"பேங்க்கா? நான் என்னைக்காவது பேங்க்கைப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? நான் கேட்டதெல்லாம் புல்லைப் பத்தித்தான்."