தறி ஓடும்போது

பிள்ளையார்பாளையத்தில் சிவபாலன் மனைவியைக் கொஞ்சுவதெல்லாம் தறி ஓடும்போதுதான்.

கட்டியால் இரண்டு காது நரம்பும் போய்விட்ட துர்காதேவி, மூளையில் வைத்த சிப், அதற்கு ஒலியை அனுப்பும் காதோரக் கருவி இரண்டின் தயவில் கேட்கிறாள். தறிச் சத்தத்தில் அதற்கு எதுவும் பிடிபடாது என்று வைத்தபோதே சொல்லியிருந்தார்கள். ஆனால் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். அதனால், பின்னால் உட்கார்ந்து பட்டு சுற்றுகிறவளைத் திரும்பிப் பார்க்காமலே பேசுவான்.

“அந்தப் பச்சைப் புடவையில அம்மனாட்டம் இருக்கே. நேர்ல சொன்னா உனக்குத் திமிர் ஏறிடும்.”

தறி நின்றதும் அவள் கேட்பாள். “இன்னா முணுமுணுத்துக்கினு இருந்தீங்க?”

“இழை அறுந்துபோச்சுன்னேன்.”

இந்த முறை சென்னைக்குப் பரிசோதனைக்கு அவனும் கூடப் போனான்.

டாக்டர் கேட்டார். “போன தீபாவளிக்குத் தறிச் சத்தத்தை மட்டும் அமுக்கற மாதிரி சிப்புல புரோகிராம் மாத்தினோமே, எப்படி இருக்கும்மா? பேட்டரி தாங்குதா?”

“நாள் பூரா தாங்குது சார். தறி ஓடினாலும் ஒரு வார்த்தை விடாம கேக்குது.”

சிவபாலனின் காது மடல் சூடானது. மறுநாள் தறியில் உட்கார்ந்தும் பேச்சில்லை.

துர்காதேவி எழுந்து வந்தாள். காதோரக் கருவியைக் கழற்றி அவன் சட்டைப் பையில் போட்டாள்.

“இப்ப எனக்கு எதுவும் கேக்காது. பேசுங்க” என்று சொல்லி, பச்சைப் புடவையின் முந்தானையைச் சரிசெய்தபடி அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.