டாக்டரம்மாவுக்கு ரெண்டு கிலோ

"உண்மையைச் சொல்லுங்க அண்ணே. இது ஆத்து மீனா, தொட்டியில தீனி போட்டு வளத்ததா?"

மீன்காரர் கம்மூனின் கூடை முன்னால் நின்று கேட்டாள் டாக்டர் கன்யாரத். கேட்ட தோரணை அவளுக்கே சிரிப்பாக இருந்தது. வெளிநாடு போய் வாங்கிய பட்டம் கடைசியில் தாய்லாந்தின் கோன் கேன் சந்தையில் மீன்காரரை மிரட்டத்தான் பயன்பட்டது.

வேறு வழியில்லை. ஆற்று மீனில் இருக்கும் பொடிப்புழு, அதைப் பச்சையாகத் தின்பவரின் ஈரலுக்குள் போய்ப் பித்தநாளத்தில் குடியேறுகிறது. பல வருடம் கழித்து அங்கே எப்படிப் புற்றுநோய் முளைக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மீனிலிருந்து புழுக்களை எடுத்து வெள்ளெலிகளுக்கு ஊட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்று தடவை ஊட்டியாயிற்று. ஓர் எலியின் ஈரலிலும் புழு இல்லை. தாய்லாந்திலேயே ஆரோக்கியமான எலிகளை வளர்த்த பெருமை மட்டும் அவளுக்குக் கிடைத்தது. அடுத்த மாதம் ஆய்வுக்குழு வருகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் பதினோரு வருட உழைப்பை இழுத்து மூடிவிடுவார்கள்.

மீனைக் கரைத்துப் புழுவைப் பிரிக்கும் மருந்தைச் சந்தேகித்தாள், எலியைச் சந்தேகித்தாள், தன் மூளையையும் சந்தேகித்தாயிற்று. மிச்சம் இருந்தது கம்மூன்தான்.

எல்லாம் பக்கத்தில் ஓடும் சீ ஆற்றில் தன் மச்சான் வலைபோட்டுப் பிடித்தது என்று அவர் சத்தியம் செய்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. வாரம் தவறாம ரெண்டு கிலோ வாங்குறீங்க. அதுவும் எலுமிச்சையும் மிளகாயும் போட்டுப் பச்சையாத் திங்கிற பொடிமீனா கேட்டு வாங்குறீங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தான்."

கன்யாரத் மறுக்க வாயெடுப்பதற்குள் அவர் கையமர்த்தினார்.

"வெக்கப்படாதீங்க. நாக்கு கேக்காது. எனக்கும் இன்னும் விடல. ஆனா எங்களுக்கெல்லாம் புத்தி சொல்ற நீங்களே புழு வந்து படுத்துட்டா மனசு தாங்குமா? அதான் உங்க மீனை மட்டும், கோயில் கூட்டத்துல வந்து நீங்க சொன்னபடியே, மக கடை ஐஸ்கிரீம் பெட்டியில ஒரு வாரம் கல்லு மாதிரி உறைய வச்சு, ஐஸ் கரைஞ்ச அப்புறம்தான் குடுத்து விடுறேன். ஒரு புழுகூட உயிரோட இருக்காது. நீங்க தைரியமா சாப்பிடுங்க."