ஏழாவது பாகம்

“ராஜாவைக் கொன்னது சரிதான்க்கா. ஆனா அதை மூணாவதுலயே செஞ்சிருக்கணும். ஆறாவது வரைக்கும் இழுத்ததுதான் தப்பு.”

பால் விலையைச் சொல்வது போலச் சொன்னாள் தங்கை. எதிரே உட்கார்ந்திருந்த பயிற்சிக்காரப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்குக் காதை நம்ப முடியவில்லை. கண் பார்வை போனபிறகு தங்கை வெளி ஆளிடம் இவ்வளவு பேசியதே இல்லை. குச்சி பிடித்து நடக்கச் சொல்லித்தர இதற்கு முன் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது ஆள் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே, “நான் எங்கயும் வரலை” என்று கதவைச் சாத்திவிட்டாள்.

இன்று வந்தவளும் அப்படித்தான் திரும்பியிருப்பாள். ஆனால் டிவிக்குக் கீழே அடுக்கியிருந்த வீடியோ கேம் டப்பாக்கள் அவள் கண்ணில் பட்டன. “ஐயோ, வெள்ளிக்கோட்டையா! எல்லா பாகமும் வச்சிருக்கீங்களா?” என்று கூவினாள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

“எனக்கு நாலாவதுதான் உசிரு. அந்தக் குதிரை செத்தப்போ ரெண்டு வேளை நான் சாப்பிடல தெரியுமா?”

“குதிரையா? அது கழுதைதானேக்கா?”

“குதிரைம்மா. பால் மாதிரி வெள்ளைக் குதிரை.”

“அண்ணா! கழுதைன்னுல்ல சொன்னே?”

“தூரத்துலேருந்து பாத்தா கழுதை மாதிரிதான் இருந்துச்சு!” என்று அடுப்படியிலிருந்து கத்தினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

வைத்தியம் நடந்த நாட்களில், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்து வந்ததும் டிவி முன் உட்காருவான். ஆறு பாகங்களையும் அவன் ஆட ஆட, திரையில் நடப்பதைச் சொல்லச் சொல்ல, அவள் பக்கத்தில் படுத்துக் கேட்பாள். விளையாட்டு மட்டுமா? வாசலில் நிற்பது யார், வகிடு நேராக இருக்கிறதா, சுடிதாரில் கறை போயிற்றா, எல்லாமே அவன் வாய் வழியாகத்தான். அவன் சொல்லில் ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால், அப்புறம் அவளுக்கு எதை நம்பி விடியும்?

பேச்சு ஆறாவதைத் தாண்டாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே, சர்க்கரை போட்ட டீயிலேயே மறுபடியும் சர்க்கரை போட்டான்.

“சரி, உனக்கு எது பிடிக்கும்? ஆறாவதுன்னு மட்டும் சொல்லிடாதே. அதுல நடந்து நடந்தே செருப்பு தேஞ்சுடும்.”

“ஆறாவது யாருக்கு வேணும்? எனக்கு ஏழாவதுதான்.”

“ஏழாவதா?”

ஏழாவது என்று ஒன்று கிடையாது. ஆறோடு அந்தக் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் கைவிரித்த அன்று, பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஏழாவது வந்துடுச்சாண்ணா?” வந்துவிட்டது என்று சொல்லித் தொலைத்துவிட்டான்.

இந்தப் பாகத்துக்குப் பாட்டு, சத்தம் எதுவுமே வைக்கவில்லை என்று ஒரு பொய். அப்புறம் அணைந்த டிவிக்கு முன்னால் பொத்தான்களைத் தட்டித் தட்டி, வாய்க்கு வந்ததெல்லாம் கதை. கோபுரத்துக் காவல்காரன் அண்ணனுடைய மேனேஜர் மாதிரியே சிடுசிடுப்பான். அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

அண்ணன் அடுப்படி வாசலுக்கு ஓடிவந்து நின்றான். விரலை உதட்டில் வைத்தான். பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். பயிற்சிக்காரப் பெண் அவனையே பார்த்தாள்.

“ஏன்க்கா சத்தத்தையே காணோம்? நீங்க ஏழாவது ஆடலையா?”

“ஆடி... ஆடியிருக்கேனே.”

“கடைசியில அந்த ஊமை ராணி பாடுவாளே, அது பிடிச்சுதா?”

அப்படி ஒரு ராணியைச் சொன்னதாக அண்ணனுக்கு ஞாபகமே இல்லை. தூக்கக் கலக்கத்தில் உளறியதையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

“பிடிக்காமலா? நான் அழுதே போயிட்டேன்” என்றாள் பயிற்சிக்காரப் பெண்.

தங்கை கையை நீட்டினாள்.

“குச்சியை விட்டுட்டுப் போங்கக்கா. நாளைக்கு வாங்க, நடந்து பாக்கலாம்.”

வழியனுப்பத் தெருமுனை வரை போனவனிடம் பயிற்சிக்காரப் பெண் தணிந்த குரலில் சொன்னாள்: “உங்களுக்காகத்தான் சொன்னேன். ஆனா என்னைக்காவது அவளுக்கு உண்மை தெரிஞ்சா, தாங்குவாளா?”

இன்றைக்குத் தப்பித்தாயிற்று. நாளைக்கு? நாளை மறுநாள்?

திரும்பி வந்தபோது தங்கை அந்தக் குச்சியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“எப்படி, அந்த அக்காவைப் பிடிச்சுதா?” என்று கேட்டான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

“ரொம்ப. தங்கமான மனசு. ஆனா உன்னை மாதிரியே அவங்களுக்கும் பொய் சொல்லவே வரலைண்ணா.”