கையுறையில் ஒரு துளி

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், மரத்தடிக் கூடாரத்துக்குள் கால்நடை மருத்துவர் ஒரு பழந்தின்னி வௌவாலைத் துணியில் சுற்றிப் பிடித்திருக்கிறாள். மனிதருக்குத் தொற்றக்கூடிய கிருமி அதனிடம் இருக்கிறதா என்று பார்க்க, பஞ்சுக் குச்சியால் அதன் வாயைத் துடைத்தெடுக்க வேண்டும். அதன் மார்பில் குட்டியொன்று காம்பை விடாமல் தொங்குகிறது. "குட்டியத் தனியா எடுத்துடட்டுமா டாக்டர்?" என்கிறார் வௌவால் பிடிக்க வலை கட்டுகிறவர். "வேண்டாண்ணே. பால் குடிக்கிறதப் பிரிக்க மனசு வரல." தடித்த தோல் கையுறை குட்டியை நசுக்கிவிடும் என்று அதையும் கழற்றி வைத்துவிட்டாள். மெல்லிய ரப்பர் உறைதான் கையில். குச்சி வாய்க்குள் போகும்போது தாய் ஒருமுறை தலையைத் திருப்புகிறது, பல் விரலில் உரசுகிறது, அவ்வளவுதான்.

வௌவாலைக் கிளையில் விட்டுவிட்டு வந்து அவள் சோப்பு நுரையில் கையைத் தேய்த்துக்கொண்டே நிற்கிறாள். தோலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கழற்றிய ரப்பர் உறையில் வலை கட்டுகிறவர் தண்ணீர் நிரப்பி, வாயை முறுக்கி, மெல்ல அழுத்துகிறார். ஐந்து விரல்களும் உப்புகின்றன. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுகிறது. மேசையில் போன் அடிக்கிறது. அவர் தன் உறையை உருவிப் போட்டுவிட்டு ஸ்பீக்கரில் போடுகிறார். "புள்ள எந்திரிச்சிட்டா. பசியில வீட்ட ரெண்டாக்குறா. எப்ப வர்ற?" என்கிறது கணவனின் குரல். அவளுக்கு மார்பு கனத்துச் சட்டை நனைகிறது. "புட்டிப்பால் குடுங்க" என்கிறாள். "இன்னைக்கு மட்டுமா?" அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மேலே, கிளையில், குட்டி குடித்துக்கொண்டிருக்கிறது.