காசித் தீர்த்தத்துக்கு ஒரு மர அடைப்பான்

காலனிவாசிகளுக்கு ஒரு மகத்தான அறிவிப்பு: செயலாளர் தோத்தாத்ரி காசியிலிருந்து தம் திருக்கரங்களால் சுமந்துவந்த கங்கை, இன்று மாலை நம் தாம்பரம் காலனி மேடையில் ஆளுக்கு ஒரு உத்தரணி வழங்கப்படும்.

அந்தத் தீர்த்தப் பாட்டிலுக்குத் தேக்கில் கழுத்தும் திருகு அடைப்பானும் கடைந்து, துளைபோட்டு, மரை வெட்டியவன் லேத் கடை சிட்டிபாபு. மூடி இறுக்கும்போது கை இடப்பக்கம் திரும்பியது, பாட்டில் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. காலையில் சைக்கிளின் இடது பெடலுக்கு எதிர்மரை வெட்டத் திருப்பிவைத்த லேத்தை அவன் பழையபடி மாற்றவே இல்லை. திறக்கத் திருகினால் இன்னும் இறுகும்! கடையோ தோத்தாத்ரியின் இடம். காலி பண்ணச் சொல்லிவிட்டால்?

ஓடினான். மேடையில் தலைமை விருந்தினர் முகம் சிவக்கத் திருகிக்கொண்டிருந்தார். "பகவத் சங்கல்பம்! எல்லாரும் தரிசனம் மட்டும் பண்ணிக்கோங்கோ!" என்று மைக்கில் முழங்கிவிட்டு இறங்கினார் தோத்தாத்ரி.

"மன்னிச்சுக்க சார், மரை தலைகீழா பூட்ச்சி. அந்தாண்ட திருப்புனா தொறந்துக்கும்..."

"கத்தாதேடா! அந்தக் கடை உனக்குத்தான், நீ எங்கேயும் போக வேண்டாம்!" தோத்தாத்ரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிட்டிபாபுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இன்னா சார் சொல்றே?"

"கங்கை ரயில்லயே கொட்டிடுத்து. உள்ளே இருக்கறது நம்ம காலனி போர் தண்ணி. அந்த உப்பு ஒரு சொட்டு நாக்குல பட்டாலே அத்தனை பேருக்கும் தெரிஞ்சுடும்."